கிராணி வீட்டுப் பிள்ளைகள் மான் பார்த்தது

கிராணி பாக்கியநாதன் நல்லவர்தான். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர், பெண்டாட்டியை ஒரு நாளும் கைநீட்டி அடிக்காதவர். ஒரே ஒரு குறை. மான் என்று வாயைத் திறந்துவிட்டால் மனுஷனுக்கு அளவு தெரியாது.

பகலெல்லாம் பினாங்குத் துறைமுகத்தில், ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கிட்டங்கியில் கொப்பரை மூட்டையும் பாக்கு மூட்டையும் நிறுத்து எழுதுகிற கிராணி வேலை அவருக்கு. அங்கே ஒரு பிடி குறைந்தாலும் விடமாட்டார். தராசு முள் நடுங்கி நிற்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "போன தடவை பத்து காவான் தீவுல ஒரு மான் பாரு..." என்று ஆரம்பித்தால் அந்தத் தராசெல்லாம் எங்கே போகுமோ! ஆரம்பிக்கும்போது ஆட்டுக்குட்டி உயரம் இருந்த மான், முடிக்கும்போது குதிரை உயரத்துக்கு வந்து நிற்கும். கொம்பிலே கிளைகள் வாரத்துக்கு வாரம் முளைக்கும்.

பக்கத்து வீட்டு நூர் பீவிக்கு இதைவிடப் பொழுதுபோக்கு வேறில்லை. "கிராணியாரே, இன்னக்கி மானு என்னா ஒசரம்?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பாள். அவள் புருஷன் முகம்மது கனிதான் பாக்கியநாதனுக்கு வேட்டைத் துணை. துறையில் சாம்பான் படகு தள்ளுகிறவர். லீவு கிடைத்தால் இருவரும் கனியின் சாம்பானிலே அக்கரைக்குப் போவார்கள். பாக்கியநாதனிடம் ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசன்சோடு இருந்தது. பெரும்பாலும் காட்டுக்கோழியோடு திரும்புவார்கள். எப்போதாவது முயல் அளவில் ஒரு சருகுமான். கடமான் என்று ஒன்றை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது.

ஆனால் ஒன்று மட்டும் சத்தியம். போன வருஷம் பத்து காவான் தீவுப் பக்கம், ஜெஜாவி ஆற்றிலே, விடியும் நேரத்தில் ஒரு கடமான் நீந்தி வந்ததைப் பாக்கியநாதன் பார்த்தார். கனி அப்போது சாம்பானுக்குள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்புவதற்குள் மான் கரையேறிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி, ஒரு சொல் கூட்டாமல் சொன்னார். யார் நம்புவார்கள்? கடலோரத்து உப்புத் தண்ணீரிலே மான் நீந்தியதாம்! அவர் மனைவி சவேரியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லவேளை, பறக்கலியே!" என்றாள் நூர் பீவி.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அதெல்லாம் அவருக்குப் பழக்கம். அவரை அடித்துப்போட்டது வேறு.

மூத்தவள் ரோசலினுக்குப் பன்னிரண்டு வயது. கோயிலில் புது நன்மை வாங்கியதிலிருந்து பாவ புண்ணியத்தில் அவ்வளவு கறார். பொய் என்பது அவள் வாயில் வராது. தெருவிலே யாருக்காவது சண்டை என்றால் 'ரோசாவைக் கேளு' என்பார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவள், முக்காட்டைக்கூட எடுக்காமல் தகப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, சுவாமியார்கிட்ட ஒண்ணு கேட்டேன்."

"என்னம்மா கேட்ட?"

"ஒருத்தர் பொய் சொல்றாருன்னு தெரிஞ்சும் ஒக்காந்து கேட்டா, கேக்குறவங்களுக்கும் பாவமான்னு."

"சுவாமியார் என்ன சொன்னாரு?"

"யாரு சொல்றதுன்னு கேட்டாரு. எங்கப்பான்னு சொன்னேன். அவருக்கு ரொம்ப நேரம் இருமல் வந்துருச்சு." ரோசலின் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பாவுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேம்பா. இனிமே மான் கதை எனக்குச் சொல்லாதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பிள்ளை அவர் மேல் இரக்கப்பட்டுச் சொன்னது. "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வாசல் பெஞ்சு காலி. நூர் பீவி சுவரோரம் வந்து, "கிராணியாருக்கு வாயில புண்ணா?" என்று விசாரித்தாள். எட்டு வயது வில்லியம், மான் கதை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அழுதான். அவர் அசையவில்லை. படுத்தால் அந்த ஆறு, அந்த மான், அந்த ஈரக் கொம்பு. உள்ளதிலேயே பெரிய நிஜம் அது. அதையும் பொய் மூட்டையில் போட்டுக் கட்டியது யார்? வேறு யார், அவரேதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மானைக் கண்ணால் காட்டினால்தான் ஆச்சு.

சீனப் பெருநாளுக்குக் கிட்டங்கி மூடியது. அன்று காலையில் மனைவியிடம் சொன்னார், பிள்ளைகளைப் பத்து காவானுக்கு மான் வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்று.

"வில்லியத்தக் கூட்டிட்டுப் போங்க. ரோசாவ எதுக்கு?" என்றாள் சவேரியம்மாள். "பொம்பளப் புள்ள சாம்பான்ல ஏறி மான் சுடப் போச்சுன்னா நாளைக்குக் கட்டிக்குடுக்கிற எடத்துல காறித் துப்ப மாட்டாங்க?"

"ரோசா வந்துதான் ஆகணும்."

"அதான் ஏங்கிறேன்?"

"வில்லி நான் என்ன சொன்னாலும் நம்புறவன். அவனுக்கு எதுக்குடி காட்டணும்?"

சவேரியம்மாள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டினாள். போத்தலில் கோப்பி ஊற்றினாள். ரோசலினின் தலைமுடியை எலிவால்போல் இறுக்கிப் பின்னிவிட்டாள். "கொசு புடுங்கும். நீளக் கை சட்டைய போட்டுக்க" என்றாள்.

சாம்பான் துறையைவிட்டு நகர்ந்தபோது ஊரெல்லாம் பட்டாசு. சிவப்புக் காகிதத் துணுக்குகள் கடல்தண்ணீரில்கூட மிதந்தன. கனி பாயை விரித்துக் கட்டினார். காற்று பிடித்ததும் படகு ஒரு பக்கம் சாய, வில்லியம் "ஓ!" என்று கத்தினான். அந்த நேரத்துப் பாக்கியநாதன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நாற்பது வயது மனுஷன், மடியிலே துப்பாக்கியை வைத்துக்கொண்டு, பிறந்தநாள் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அதோ பார், அது பினாங்கு மலை. அதோ ஜெலுத்தோங். அது மீன்காரன் கம்பு நட்டுப் பிடிக்கிற இடம். கையைத் தண்ணீரில் விடாதே, சொறிமீன் இருக்கும். அவர் பேச்சு ஓயவே இல்லை. மான் என்ற சொல் மட்டும் ஒரு தடவையும் வரவில்லை. ரோசலின் அதைக் கவனித்தாள். கவனித்து, தகப்பனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளுக்குள் அவர் நினைத்ததெல்லாம் வேறு. மான் என்ன, நேரத்துக்கு வந்து நிற்கிற ரயில் வண்டியா? வராமல் போனால்? இந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டாள். இன்னொரு அருள்நிறை மந்திரம் சொல்வாள்.

அந்தி நேரத்தில் பத்து காவான் கரையைத் தொட்டார்கள். கனிக்கு வேண்டியவர் ஒருவரின் கருவாட்டுக் கொட்டகை அங்கே இருந்தது. கனி மணலில் துண்டை விரித்துத் தொழுதார். பாக்கியநாதன் பிள்ளைகளைக் கொட்டகைக்குள் முழங்காலில் நிறுத்தி, வீட்டில் தினமும் செய்வதுபோல ஜெபமாலை சொன்னார். அவர் முன்பாதி, பிள்ளைகள் பின்பாதி. அவர் சிலுவை போட்டால் பிள்ளைகள் ஆமென். வில்லியம் தூங்கி விழுந்துகொண்டே சொன்னான். கருவாட்டு நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டும் சொன்னான். பேச்சு வந்த நாளிலிருந்து பழகிய வாய், தூக்கத்திலும் தன்னால் சொல்லும்.

விடிவதற்கு முன்னே கனி எழுப்பிவிட்டார். ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. இரண்டு கரையிலும் சேறு, சேற்றுக்குப் பின்னே கண்டல் காடு. கனி சாம்பானைக் கழியால் தள்ளிக்கொண்டு போய், வேர்கள் குடைபோல் கவிந்த ஓரிடத்தில் சொருகி நிறுத்தினார். போன வருஷம் நின்ற அதே இடம். இனி மூச்சு விடுவதும் மெதுவாக என்று பாக்கியநாதன் சைகை காட்டினார்.

இருட்டு. கொசு. சேற்றிலே நண்டுகள் ஊர்கிற சரசரப்பு. வில்லியம் தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தனக்கு ஒன்றுக்கு வருகிறது என்று சைகை செய்தான். அடக்கிக்கொள் என்று அவர் பதில் சைகை செய்தார். கனி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மான் விழுந்தால் உயிர் போவதற்குள் ஓடிப்போய் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். இல்லையென்றால் அவர் வீட்டுக்கு அந்த இறைச்சி ஆகாது. முந்தின ராத்திரியெல்லாம் தீட்டிய கத்தி.

கிழக்கே லேசாகச் சாம்பல் பூசிய நேரம். அக்கரையில், எங்கோ சீனர் கடைவீடுகள் இருக்கிற பக்கம், படபடவென்று பட்டாசு வெடிக்க ஆரம்பித்தது. சரம் சரமாக, ஓய்வில்லாமல், காடே அதிர.

"போச்சு கிராணியாரே," என்று கனி கிசுகிசுத்தார். "இந்தச் சத்தத்துல எந்த மானு ஆத்துப் பக்கம் வரும்? புத்தி கெட்டு பெருநாள் அன்னிக்கி வந்தோமே!"

பாக்கியநாதனுக்குத் துப்பாக்கி கையில் கனத்தது. சேற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போது சின்ன விரல்கள் அவர் முழங்கையைத் தொட்டன.

"பரவால்லப்பா," என்றாள் ரோசலின், காதோரமாக. "சாம்பான்ல வந்ததே நல்லா இருந்துச்சு."

ஐயோ, அந்தச் சொல்! அழுகிற குழந்தையைத் தேற்றுவதுபோல அந்தப் பிள்ளை அவரைத் தேற்றினாள். அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டியிருக்கிறது? தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியதை இருட்டு மறைத்தது.

முதலில் பார்த்தவன் வில்லியம்தான். விரலை நீட்டினான். நடு ஆற்றில், மூடுபனிக்குள், ஒரு மரக்கிளை மிதந்து வந்துகொண்டிருந்தது. காய்ந்த கிளை. இலையில்லாத கிளை. ஆற்றிலே கிளை மிதப்பதில் என்ன இருக்கிறது என்று ரோசலின் தம்பியின் கையைத் தட்டிவிட்டாள்.

ஆனால் ஆறு கடலைப் பார்த்து வலதுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கிளை ஆற்றுக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்தது.

பாக்கியநாதனுக்குப் புரிந்துவிட்டது. பட்டாசு! பட்டாசுதான் அதைக் காட்டிலிருந்து கிளப்பித் தண்ணீரில் இறக்கியிருக்கிறது. கிளைக்குக் கீழே கறுப்பாக ஒரு நீளத் தலை. தலைக்கு முன்னே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, அந்தப் பிரிவு கரைவரைக்கும் வந்து சேற்றை நக்கியது. மூச்சு கேட்டது. புஸ்ஸென்று விட்டு, கரகரவென்று இழுத்து, மறுபடி புஸ்ஸென்று விடுகிற பெரிய மூச்சு. அந்த ஆற்றில் அப்போது வேறு சத்தமே இல்லை. பட்டாசு நின்றதா, காதுதான் அடைத்துப்போனதா, யாருக்கும் நினைவில்லை.

கால் தரையைத் தட்டியதும் அது எழுந்தது. எழுந்தது, எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. முதலில் கழுத்து, சடைபோல் ஈர மயிர் தொங்குகிற கழுத்து. பிறகு தோள். பிறகு முதுகு. வயிற்றிலிருந்து தண்ணீர் ஓட்டைப் பீப்பாய்போல் கொட்டியது. சேற்றிலே ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, சாம்பானிலிருந்து ஒரு வீட்டு அகலம்கூட இல்லாத தூரத்தில் வந்து நின்றது. உடம்பெல்லாம் ஆவி. கொம்பு இந்தப் பக்கம் மூன்று கிளை, அந்தப் பக்கம் மூன்று கிளை. ஒரு கிளையில் பாசி சுற்றித் தொங்கியது. கிழக்கு வெளுத்து அந்தக் கொம்பின் மேல்தான் முதல் வெளிச்சம் விழுந்தது.

பாக்கியநாதன் மானைப் பார்க்கவில்லை. நம்புங்கள், நாலு பேர் பொய் பொய் என்று சொன்ன மான் கண்ணெதிரே வந்து நிற்கிறது, அவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லியத்தின் வாய் திறந்திருந்தது. ரோசலின் இரண்டு கையாலும் தன் பின்னலைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல், பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்தும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அது அவளுக்கே தெரியவில்லை. மாதாவே, இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குள் ஒன்று பொங்கி வந்தது.

கனி முதுகில் குத்தினார். அப்போதுதான் துப்பாக்கி ஞாபகம் வந்தது. மெல்லத் தூக்கிக் குறி வைத்தார். எப்போதும் சுடுவதற்கு முன்னே செய்வதைக் கை தன்னால் செய்தது. வலது கையை எடுத்து நெற்றியில் வைத்தார். உதடு முணுமுணுத்தது.

"பிதாவுடையவும், சுதனுடையவும், இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே..."

"ஆமென்!"

இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில், நெஞ்சிலிருந்து, வீட்டில் சொல்வதைப்போலவே கணீரென்று சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. வில்லியம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

மான் தலையைத் திருப்பியது.

ஓடவில்லை. அவர்களைப் பார்த்தது. காதுகள் இரண்டும் முன்னால் வந்து நின்றன. அந்தக் கண் கறுப்பாக, ஈரமாக, ஒவ்வொருவரையாகப் பார்த்தது. பயம் என்று ஒன்று அதில் இல்லை.

"சுடுங்க கிராணியாரே!" என்று கனி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "யா அல்லாஹ், சுடுங்களேன்!"

சுட்டிருக்கலாம். கை துப்பாக்கிக்குத் திரும்பிவிட்டது. குறி நெஞ்சுக்கு நேராக இருந்தது. அந்தக் கொம்பை வாசலில் ஆணியடித்து மாட்டினால் பிறகு ஒரு பயல் வாய் திறக்க முடியுமா? பாக்கியநாதன் ஒன்றும் உயிர்க்கொலை ஆகாது என்கிறவரும் அல்ல. மான்கறியை நினைத்தாலே அவருக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். ஆனால் சுட்டால் புகை மூடும். புகை விலகும்போது சேற்றில் விழுந்து உதைக்கிற ஒரு மிருகம் கிடக்கும். பிள்ளைகள் இதைப் பார்ப்பது அதோடு முடிந்துபோகும். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று நினைத்தார். இன்னும் ஒரு மூச்சு நேரம் பார்க்கட்டும். அப்புறம் சுடலாம்.

அந்த ஒரு மூச்சு இன்னொன்றாகி, அது இன்னொன்றாகியது. மான் முன்னங்காலை ஓங்கிச் சேற்றில் ஒரு மிதி மிதித்தது. கழுத்தை நீட்டி ஒரு குரல் கொடுத்தது. அடேயப்பா! கப்பல் சங்குபோல அது காட்டுக்குள் போய் இடித்துத் திரும்பி வந்தது. கண்டல் மரங்களிலிருந்து கொக்குகள் வெள்ளையாகக் கிளம்பி வானத்தை மூடின. சாம்பான் பலகை காலுக்குக் கீழே அதிர்ந்ததை நால்வரும் உணர்ந்தார்கள். பிறகு அது திரும்பி, அவசரமில்லாமல், வேர்களைத் தாண்டி உள்ளே நடந்து போனது. கொம்பு கடைசிவரை தெரிந்தது. பிறகு அதுவும் காட்டோடு காடாகிவிட்டது.

கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி உட்கார்ந்தன.

"அப்பா," என்றான் வில்லியம், அழுகிற குரலில். "ஒண்ணுக்குப் போயிட்டேன்."

கனிதான் முதலில் வெடித்தார். "ஆமெனாம் ஆமென்! வேட்டைக்கு வந்தோமா, பூசைக்கு வந்தோமா? நாலு வூட்டுக்குப் பங்கு போட்டாலும் மிஞ்சுற உருப்படி! கத்திய நேத்து ராத்திரி பூரா தீட்டுனேன், கிராணியாரே!" சொல்லிக்கொண்டே வந்தவருக்கு நடுவில் குரல் உடைந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னா உருப்படி... என்னா உருப்படி அது! சுபஹானல்லாஹ். போன வருசம் நான் தூங்கித் தொலைச்சனே."

ரோசலின் இன்னும் அந்தக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியநாதன் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகத் திரும்பட்டும் என்று காத்திருந்தார். அவள் திரும்பி, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நெசம்பா," என்றாள். "நெசந்தாம்பா." அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷத்தை மனுஷ உடம்பு தாங்குமா என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

பிள்ளைகள் சேற்றில் இறங்கிக் குளம்படியைப் பார்த்தார்கள். வில்லியத்தின் இரண்டு கையும் அதற்குள் அடங்கின. அதற்குள் கடல் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு குளம்படியாகத் தண்ணீர் நிரம்பி, ஓரம் கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போனது.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தபோது சவேரியம்மாளும் நூர் பீவியும் வாசலிலேயே இருந்தார்கள். சவேரியம்மாளின் விரலெல்லாம் மஞ்சள். மான் கதையை நம்பாதவள் எதற்கு மசாலா அரைத்தாள் என்று கேட்காதீர்கள். அதை அவளிடம் கேட்க யாருக்குத் தைரியம்? வெறுங்கையோடு வந்த நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

வில்லியம் ஓடிப்போய் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னான். மரக்கிளை, ஆமென், கொக்கு, கனி மாமா அழுதது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், அடக்க முடியவில்லை.

"ஆமென் சொன்னதும் மானு முழங்கால் போட்டு கும்புட்டுச்சா வில்லி?" என்றாள் நூர் பீவி.

"நல்லாத்தான் பழக்கிக் கூட்டியாந்திருக்காரு!" சவேரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பன் ஒருத்தர் போதாதுன்னு இப்ப மூணு பேரு."

கனி ஏதோ சொல்ல வந்தார். "நீங்க பேசாதீங்க, நீங்க தூங்கிருப்பீங்க" என்று அவர் பெண்டாட்டி அடக்கினாள்.

ரோசலின் வாசல் நடுவில் நின்றாள். முகம் சிவந்து, உதடு துடித்தது. பிறந்ததிலிருந்து அவள் சொல்லி யாரும் சிரித்ததில்லை. "நாங்க பார்த்தோம்மா," என்றாள். "நெசமா." சிரிப்பு ஓயவில்லை. அவள் மெதுவாகத் தகப்பன் பக்கம் திரும்பினாள். "எப்பவும் இப்படித்தாம்பா இருக்குமா, உங்களுக்கு?"

பாக்கியநாதன் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா," என்றாள். "எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க."

பல நாளாகத் திறக்காத வாய். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வற்றிய ஆற்றைச் சொன்னார், பட்டாசைச் சொன்னார், ஆற்றுக்குக் குறுக்கே வந்த கிளையைச் சொன்னார். நூர் பீவி பாக்கை வாயில் போட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டாள், இனிமேல்தான் வேடிக்கை என்று. அவர் கொம்புக்கு வந்து சேர்ந்தார்.

"பத்து கெளை!" ரோசலின் வெடித்தாள். "பத்து கெளை இருந்துச்சு. நானே எண்ணுனேன்!"

சிரிப்பு நின்றுவிட்டது. நூர் பீவி மெல்லுவதை நிறுத்தினாள். "ரோசாவா சொல்லுது?" என்றாள் சவேரியம்மாளிடம், மெதுவாக. "அது பொய் சொல்லாதே அக்கா."

பாக்கியநாதன் மகளைப் பார்த்தார். பயந்து, விறைத்து, பெஞ்சின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அவருக்காகப் பாவத்தில் விழுந்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். தெருவே நம்பும். நாளைக்கே கடைத்தெரு முழுக்க, 'கிராணி சொன்னது நிஜமாம், ரோசாவே எண்ணியிருக்கிறாளாம்' என்று போகும்.

அவளுடைய கையைப் பெஞ்சிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஆறுதாம்மா," என்றார். "இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. ஆறே போதும்."

சவேரியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் மான் கதையில் ஓர் எண்ணைக் குறைத்துச் சொல்லி அவள் கேட்டதில்லை. மஞ்சள் விரல்களை முந்தானையில் துடைத்தாள். பெஞ்சுக்கு எதிரே, தரையிலேயே, மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.